லாங்ஷாட் அக்காவின் குளோசப்

தமிழ்நாட்டில் மிக அதிகம் பேர் பார்த்து மயங்கிய, ஆனால் ஒருவர்கூட முகம் பார்த்திராத நடிகை, திண்டிவனத்தில் எனக்கு வீட்டுச் சொந்தக்காரராக இருந்தார். நீங்களும் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் அப்பா கட்டாயம் பார்த்திருக்கிறார். பழைய படங்களில் நாயகி அழுதுகொண்டே மாடிப்படியில் ஓடுவாள் அல்லவா? கட்டிலில் குப்புற விழுந்து குலுங்குவாள் அல்லவா? நாமும் கூடவே மூக்கைச் சிந்துவோம் அல்லவா? அந்த நேரத்தில் நிஜ நாயகி கேமராவுக்கு இந்தப் பக்கம் குடைக்கு அடியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருப்பார். தூரத்திலிருந்து முதுகு மட்டும் தெரிய ஓடியது, விழுந்தது, குலுங்கியது எல்லாம் எங்கள் லாங்ஷாட் அக்கா.

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. ரேஷன் கடைக்காரரே அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுபதைத் தாண்டியவரை முறைப்படி ஆயா என்றுதான் அழைக்க வேண்டும். அப்படி அழைத்த ஒரு கேபிள் டிவிக்காரர் அந்தத் தெருவுக்குள் வருவதையே விட்டுவிட்டதாகப் பேச்சு. கதாநாயகியின் முதுகுக்கு வயதாகக் கூடாது என்பது அக்காவின் கட்சி.

பதிவு அலுவலகத்தில் வேலை கிடைத்து, அவர் வீட்டு மாடி அறையை வாடகைக்குக் கேட்டுப் போன அன்று அவர் என்னிடம் சம்பளம் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை, சமையல் சைவமா அசைவமா என்றுகூடக் கேட்கவில்லை. பழைய படம் பார்ப்பியா என்று மட்டும் கேட்டார். பார்ப்பேன் என்றேன். பார்க்கும்போது மூஞ்சியைப் பார்ப்பியா, மொத்த ஆளையும் பார்ப்பியா என்றார். கேள்வி புரியாமல் மொத்த ஆளையும் என்று சொல்லி வைத்தேன். சாவியைக் கொடுத்துவிட்டார்.

அக்காவிடம் ஒரு தீராத பழக்கம் இருந்தது. கேமராவைக் கண்டால் திரும்பிக்கொள்வார். வெட்கத்தால் அல்ல. வேலைப் பழக்கம். ‘மூஞ்சி தெரிஞ்சா ஷாட்டு வேஸ்ட்டு’ என்று சின்ன வயதில் ஒளிப்பதிவாளர் ஒருவர் போட்ட சத்தம் காதிலேயே தங்கிவிட்டது. அந்தக் காலத்தில் பிலிம் தங்கத்துக்குச் சமம். அதனால் அந்தத் தெருவின் எந்தக் கல்யாண ஆல்பத்தை எடுத்தாலும், மணமக்களுக்குப் பக்கத்தில் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, ஒரே ஒரு முதுகு மட்டும் நெட்டுக்குத்தாக நிற்கும். அது அக்கா. வீடியோ காலில் பேசினாலும் பின்கொண்டையைக் காட்டித்தான் பேசுவார். ஒருமுறை விழுப்புரத்துக்கு வேனில் போகும்போது விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் கம்பத்துக் கேமராவைப் பார்த்துவிட்டு, சீட்டில் முட்டி போட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பின்சீட்டில் இருந்தவர்கள் ஊர் வந்து சேரும்வரை அவர் முகத்தைப் பார்த்தபடியே வந்தார்கள்.

ஆதார் எடுக்கப் போனது தனிக் கதை. கேமராவைப் பாருங்கம்மா என்றால் திரும்புகிறார். அங்கிருந்த பெண் எழுந்து வந்து தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டுப் போய் உட்கார்ந்தால், மறுபடி முதுகு தெரிகிறது. கடைசியில் நான்தான், கேமரா ரிப்பேர், வேறு கேமரா வரும்வரை இப்படியே உட்காருங்கள் என்று பொய் சொல்லி உட்கார வைத்தேன். அந்த அட்டையில் இருக்கும் முகம் கேமராவுக்காகக் காத்திருக்கும் முகம். பழக்கம் அறியாதவர்கள் பார்த்தால் கோபமாக இருக்கிறார் என்று நினைப்பார்கள்.

முதுகுவலி வந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபோது மட்டும் தகராறே இல்லை. முதுகைக் காட்டச் சொன்னார்கள், காட்டினார். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு டாக்டரிடம், "இதான் சார் என்னோட மொத குளோசப்பு" என்றார். எலும்புத் தேய்மானத்தைப் பற்றி டாக்டர் சொன்ன எதுவும் அக்காவின் காதில் விழவில்லை. அந்த எக்ஸ்ரேயை வெளிச்சம் படும்படி முன்ஜன்னலில் மாட்டி வைத்தார். தபால்காரர் அதைப் பார்த்துத்தான் வீட்டை அடையாளம் கண்டுபிடிப்பார்.

அவர் சினிமாவுக்குப் போன கதையை அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். பெருமுக்கல் மலையில் ஒரு பாட்டு எடுக்க வந்திருந்தார்களாம். நாயகிக்கு அது இரண்டாவது படமோ மூன்றாவது படமோ. பெயரைச் சொன்னால் உங்கள் வீட்டுப் பெரியவர் கையில் இருக்கும் காபியைக் கீழே வைத்துவிடுவார் என்பதால் நாயகி என்றே வைத்துக்கொள்வோம். பாறையில் ஓடி ஏற வேண்டும். நாயகிக்குக் கால் பிசகிவிட்டது. அடிவாரத்துக் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்த கூலிப் பெண்களில் ஒருத்தி அதே உயரம், அதே வாகு. கூப்பிட்டு, பட்டுப் பாவாடை கட்டி, சவுரி வைத்து, ஓடு என்றார்கள். அந்தப் பாறையில் தினமும் ஆடு ஓட்டிக்கொண்டு ஏறியவளுக்கு அது ஒரு வேலையா? ஒரே மூச்சில் உச்சிக்கு ஓடிவிட்டாள். போதும் என்று கீழே இருந்து கத்தியது கேட்காமல் கோயிலையும் சுற்றிக்கொண்டு வந்தாளாம்.

படம் வந்தது. பாட்டு ஊரைப் பிடித்து ஆட்டியது. நாயகி பெரிய நடிகையானார். ‘பெருமுக்கலு’ என்று பெயர் சூட்டி அந்தப் பெண்ணைக் கூடவே மதராசுக்குக் கூட்டிப் போய்விட்டார்.

ஒரு கதாநாயகியின் வாழ்க்கையை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். அக்கா சொன்ன மாதிரி யாரும் சொன்னதில்லை. அவருக்கு எல்லாமே முதுகுக் கணக்கு. நாயகி கிராமத்துப் பெண்ணாக நடித்த காலம் என்றால் வரப்பில் ஓடிய காலம். ராணியாக நடித்த காலம் என்றால் குதிரையிலிருந்து விழுந்த காலம். பிறகு குடும்பப் படங்கள் வந்தன. புருஷன் சந்தேகப்படுவான், மாமியார் துரத்துவாள், அக்கா மாடிப்படி ஏறி ஏறி முட்டியைத் தேய்த்துக்கொண்டார். அப்புறம் கலர். கலரில் மழை. நாயகிக்கு ஜலதோஷம் ஆகாது என்று நனைந்ததெல்லாம் அக்கா.

"மூஞ்சியால அழறது சுலுவு தம்பி. கண்ணுல கிளிசரின வுட்டா அது பாட்டுக்கு ஊத்தும். முதுகால அழறதுக்கு இன்னா மருந்து இருக்குது, சொல்லு" என்பார். பிறகு நின்றபடியே திரும்பி, அழுது காட்டுவார். முதலில் வலது தோள் கொஞ்சம் இறங்கும். அப்புறம்தான் கழுத்து சாயும். அதற்கப்புறம் முதுகு முழுக்க ஒரு நடுக்கம் போகும். குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அதைச் செய்யும்போதுகூட எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

நாயகியின் காலம் முடிந்த விதத்தையும் அக்காதான் எனக்குப் புரியவைத்தார். நாயகிக்கு ஒரு நாள் அம்மா வேடம் வந்தது. சம்பளம் குறையவில்லை, மரியாதையும் குறையவில்லை. ஆனால் அம்மா ஓட மாட்டாள். அம்மா குதிரை ஏற மாட்டாள். அம்மாவாக நடித்தால் நாற்காலியில் உட்கார்ந்து இருமினால் போதும். இருமுவதற்கு லாங்ஷாட் எதற்கு? அன்றோடு அக்காவுக்கு வேலை போயிற்று. நாயகி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். சேர்த்து வைத்ததைக் கொண்டு திண்டிவனத்தில் இந்த வீட்டை வாங்கி வந்து சேர்ந்தார் அக்கா. கொஞ்ச நாளில் நாயகியும் நடிப்பை விட்டுவிட்டார். அதன் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

அக்காவுக்கு இருந்த ஒரே குறை எதிர்வீட்டில் இருந்தது. அதன் பெயர் மன்றம். அவருக்கும் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. இளம் வயதில் நாயகிக்கு ரசிகர் மன்றம் வைத்து, படம் வெளியாகும் அன்று தேங்காய் உடைத்து, லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் மன்றமாகவே இருந்தவர். பெருமுக்கல் பாட்டுதான் அவருக்கு வேதம். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் மன்றமே தொடங்கினார். நாயகி பாறையில் ஓடும் அழகைச் சொல்லும்போது இந்த வயதிலும் எழுந்து நின்றுவிடுவார்.

அந்த ஓட்டம் தன்னுடையது என்று எதிர்வீட்டு அம்மாள், தெருக்குழாயில் தனக்கு முன்னால் குடம் வைத்துச் சண்டை போடும் அம்மாள், நாள் தவறாமல் சொன்னால் மனிதர் எப்படித் தாங்குவார்?

மத்தியானங்களில் டிவியில் நாயகியின் படம் போட்டால் தெருப் பெண்கள் அக்கா வீட்டில் கூடுவார்கள். "இது அம்மா. இது நானு. இது அம்மா. இந்தா ஓடுது பாரு, இது நானு" என்று நாயகியையும் தன்னையும் பிரித்துச் சொல்லிக்கொண்டே வருவார் அக்கா. எதிர்வீட்டிலிருந்து மன்றத்தின் சத்தம் கேட்கும்.

"டைட்டில்ல பேரு இருக்குதா? ஒரு போட்டோ இருக்குதா? முதுவுக்கு இன்னா ஆதாரம்?"

அக்கா எழுந்து போய் ஜன்னலில் இருக்கும் எக்ஸ்ரேயைச் சுட்டிக் காட்டுவார். தெரு சிரிக்கும், அக்காவும் சிரிப்பார். ஆனால் ஒருமுறை எல்லோரும் போன பிறகு என்னிடம் கேட்டார். "தம்பி, எனக்கே சில நாளு சந்தேகமா கீது. நெஜமாவே நாந்தான் ஓடனனா? அம்மாவுக்காவது ஞாபகம் இருக்குமா? அவங்களும் மறந்துட்டாங்கன்னா, ஓடனது யாருமே இல்லன்னு ஆயிடும் இல்ல?"

எனக்கும் பாதி சந்தேகம் இருந்தது என்பதுதான் உண்மை.

இப்படி இருக்கையில் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாயகிக்குப் பாராட்டு விழா என்று போஸ்டர் ஒட்டினார்கள். தெருவே வேன் பிடித்தது. மன்றம் வெள்ளை வேட்டி சட்டையில் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கு உண்மை தெரிந்துவிடும் என்று எல்லோரிடமும் சொன்னார். அக்கா அவித்த மல்லாட்டை நிரப்பிய தூக்குவாளியை மடியில் வைத்திருந்தார். ஷூட்டிங்கில் அம்மா மல்லாட்டை என்றால் உயிரை விடுவார்களாம். சுங்கச்சாவடியில் மட்டும் மறக்காமல் திரும்பிக்கொண்டார்.

மண்டபத்தில் நல்ல கூட்டம். நாயகியை இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்து வந்தார்கள். எண்பதைத் தாண்டியும் முகம் முகமாகவே இருந்தது. மூக்குக் கண்ணாடி மட்டும் தடிமன். பொன்னாடை போர்த்தினார்கள், பேசினார்கள், பேசினார்கள், இன்னும் பேசினார்கள். ஒரு பேச்சாளர், பெருமுக்கல் மலையில் அம்மா ஓடிய ஓட்டத்தை ஒலிம்பிக்குக்கு அனுப்பியிருக்கலாம் என்றார். மன்றம் எழுந்து நின்று கைதட்டிவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அக்கா தூக்கு மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

கடைசியில் நாயகியுடன் போட்டோ எடுத்துக்கொள்ள வரிசை விட்டார்கள். மன்றம் முன்னால், அக்கா அவருக்குப் பின்னால், தூக்கைப் பிடித்துக்கொண்டு நான். மன்றம் மேடையேறி, மன்றத்தின் பெயரைச் சொல்லி, தேங்காய் உடைத்ததைச் சொல்லி, அழுதேவிட்டார். நாயகி எல்லோருக்கும் வைத்திருந்த அதே புன்னகையை அவருக்கும் கொடுத்தார். போட்டோ எடுத்த பிறகும் அவர் நகராமல் ஓரமாக நின்றுகொண்டார்.

அக்கா போய் நின்றார். கும்பிட்டார். வருஷக்கணக்காக ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் வரவில்லை. நாயகி அந்தத் தடிமன் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து, "வணக்கம்மா, நல்லாருங்க" என்றார். அதே புன்னகைதான்.

அக்காவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். மன்றமும் பார்த்தார். ஜெயித்த முகம் இருக்குமென்று நினைத்து அவரைப் பார்த்தால், அவருக்கே என்னவோ போலிருந்தது.

போட்டோக்காரருக்கு இதெல்லாம் தெரியாது. வரிசை நீளமாக இருந்தது. "ஜல்தி ஜல்தி. கேமராவ பாருங்கம்மா" என்றார்.

அக்கா திரும்பிக்கொண்டார்.

மண்டபம் சிரித்தது. ஒரு விழாக்குழு இளைஞர் வந்து அவர் தோளைப் பிடித்துத் திருப்பப் பார்த்தார். அக்கா அசையவில்லை. எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டே இருந்தேன். வலது தோள் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் கழுத்து சாய்ந்தது. இந்த முறை அது நடிப்பில்லை.

நாயகி கேமராவுக்குக் காட்டிக்கொண்டிருந்த புன்னகை அப்படியே நின்றுபோயிற்று. அந்த இளைஞரின் கையைத் தட்டிவிட்டார். நாற்காலியிலிருந்து மெல்ல எட்டி அந்த முதுகின்மேல் கையை வைத்தார்.

"பெருமுக்கலு" என்றார்.

மைக் தள்ளி இருந்தது. மேடையில் நின்ற எங்கள் நான்கைந்து பேருக்குத்தான் கேட்டது. அக்கா திரும்பாமலேயே கேட்டார். "அம்மாவுக்கு எப்பிடி தெரிஞ்சுது? நீங்க குடைக்கு அடியில மோர் குடிச்சிக்கினுதான இருப்பீங்க?"

"மோரு குடிச்சேன். கண்ணு உன் மேலதான்டி இருக்கும். உனக்கு எப்படித் தெரியும், நீ அந்தப் பக்கம் திரும்பி இருப்பே. நீ தோள எறக்கற மாதிரிதானே நானும் எறக்கணும்? நீ விட்ட எடத்துலதானே நான் ஆரம்பிக்கணும்? எனக்கு அழ எவன்டி சொல்லிக் குடுத்தான்? உன் முதுகப் பாத்துதான் அழுதேன்."

அக்காவின் முதுகு முழுக்க அந்த நடுக்கம் போயிற்று. நான் தூக்கை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். மன்றம் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

நாயகிதான் முதலில் தேறினார். என் கையிலிருந்த தூக்கைத் திறக்கச் சொல்லி, மல்லாட்டையை முகர்ந்து பார்த்து, பல் போயிடுச்சேடி என்று சொல்லி ஒரு பிடி எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு போட்டோக்காரரைக் கூப்பிட்டு, இன்னொரு படம் எடுக்க வேண்டும் என்றார். அக்கா பழையபடி முதுகைக் காட்டப் போனார். நாயகி விடவில்லை.

"இத்தனை வருஷமா என் மூஞ்சி, உன் முதுகு. இன்னைக்கு ஒரு தடவை மாத்திக்கலாம்" என்றார்.

"வேணாம்மா. ஷாட்டு வேஸ்ட்டாயிடும்."

"ஆகட்டும்."

நாற்காலியை யாரையோ வைத்துத் திருப்பிப் போடச் சொல்லி, நாயகி கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். விழாக்குழுவினர் பதறிப் போனார்கள். அவ்வளவு செலவு செய்து அழைத்து வந்த முகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் அக்கா, தன் ஆயுளில் முதல்முறையாகத் தானாகவே கேமராவைப் பார்த்து நின்றார். ஃபிளாஷ் அடித்ததும் கண்ணை மூடிவிட்டார்.

திரும்பும்போது வேனில் மன்றம் முன்சீட்டில் உட்காரவில்லை. அதை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் வந்தார். விக்கிரவாண்டி தாண்டியது. அப்புறம் மெதுவாக, அதுவரை ஒருநாளும் சொல்லாத சொல்லைச் சொல்லிக் கேட்டார்.

"அக்கா, அந்தப் பாறையில ஓடனது நெஜமாவே நீங்கதானா?"

"இத்தினி வருசமா அதத்தானய்யா தொண்ட கிழிய சொல்லிக்கினு கெடக்குறேன்."

மன்றம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு மனிதன் சின்ன வயதில் மயங்கிய ஓட்டம், எதிர்வீட்டிலேயே குடியிருந்து, குழாயடியில் தன்னைத் திட்டிக்கொண்டிருந்தது என்பதை ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்தானே.

மறுநாளிலிருந்து குழாயடியில் அக்காவின் குடத்துக்குத்தான் முதல் இடம். மத்தியானப் படத்துக்கு மன்றமும் வந்து உட்கார ஆரம்பித்தார். இப்போது அக்காவுக்கு முன்னால் அவரே சொல்கிறார், "இது அக்கா, இதுவும் அக்கா, இதோ சிரிக்கிறது, இதுவும் அக்காதான்" என்று. "யோவ், மூஞ்சி அம்மாதுய்யா. பேஜாரு பண்ணாத" என்று அக்கா அவரை அடக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு மாற்றலாகிவிட்டது. போன மாதம் அங்கே போனபோது முன்ஜன்னலில் எக்ஸ்ரேக்குப் பக்கத்தில் அந்தப் போட்டோ மாட்டியிருந்தது. பொன்னாடை போர்த்திய ஒரு முதுகு, அதன் பக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு முகம். வருகிறவர்கள் எல்லோரும் அந்த முதுகு யாருடையது என்று கேட்கிறார்களாம். "அது எனக்கு டூப்பு போட்டவங்க" என்று சொல்கிறார் அக்கா.

பெருமுக்கல் பாட்டு இப்போது என் போனில் இருக்கிறது. எல்லோரும் அதில் நாயகியின் முகம் வரும் இடத்துக்காகக் காத்திருப்பார்கள். நான் அந்த முகம் போகட்டும் என்று காத்திருக்கிறேன். அது போனால்தானே எங்கள் அக்கா வருவார்.